ரவேலுவின் தொப்பியை வாங்கினவள்

"படத்துல கீற அக்கா சிரிக்கவே மாட்டாங்களா?"

காவாந்தண்டலம் காலனியில் இருக்கிற எங்கள் ஆலயத்தில், நான் நடத்துகிற ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருந்த பூஜா என்ற சின்னப் பெண் கேட்ட கேள்வி இது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு படத்தை அவள் கை நீட்டிக் காட்டினாள். வெள்ளைப் புடவை, இறுக்கிப் பின்னிய தலை, அழுத்தி மூடிய வாய். கீழே "மிஷனெரி சகோதரி எ. சுகிர்தா, மடகாஸ்கர். ஜெபத்தில் தாங்குவோம்" என்று எழுதியிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து வாரா வாரம் ஜெபம் பண்ணியே நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அவர் எதற்குச் சிரிப்பார், எதைக் கண்டால் பயப்படுவார், தட்டில் என்ன விழுந்தால் முகம் மலரும் என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பூஜாவுக்குப் பதில் சொல்லாமல், எல்லாரையும் எழுந்து நின்று பாட்டுப் பாடச் சொல்லிவிட்டேன்.

இந்தச் சித்திரையில் சுகிர்தா அக்கா லீவில் வந்தார். அம்மா சிட்டம்மாள் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஊறவைத்த அரிசியை ஒரு கிண்ணத்தில் வைத்துத் தின்றுகொண்டே மத்தியான நேரங்களில் கதை சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் மரியாதை போட்டு எழுதாதே, போட்டால் அதுவும் அந்தச் சுவர்ப் படம் மாதிரி ஆகிவிடும் என்றார். அதனால் இனி "அக்கா" இல்லை. சுகிர்தாதான்.

சுகிர்தாவின் அப்பா எல்லப்பன். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். முக்கால்வாசி நாள் புருஷோத்தமன் என்பவருடைய கழனியில்தான் வேலை. ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம் அவருக்கு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் சுகிர்தாவும் அம்மாவோடு நடவுக்குப் போவாள்.

அந்த வயதிலேயே அவளிடம் மூன்று விசேஷங்கள் இருந்தன. முதலாவது, இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடிக்கிற விசில், ஏரியின் அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவரைத் திரும்பிப் பார்க்கவைக்கும். அடுத்தது, பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவாள். அதனாலேயே இன்றைக்கும் எந்த ஆலயத்துக்குப் போனாலும் முதல் வரிசையில் உட்காருகிறாள், பக்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது வாத்து. அறுப்பு முடிந்த கழனியில் மேய வந்த வாத்துக் கூட்டத்தில் ஒன்று, குழந்தையாக இருந்த சுகிர்தாவின் பாவாடையைக் கவ்விக்கொண்டு விடவே இல்லையாம். அன்றிலிருந்து பாம்பைப் பார்த்தால் கம்பைத் தேடுகிறவள், வாத்தைப் பார்த்தால் அம்மாவின் முதுகில் ஏறுவாள்.

நடவில் அவளுக்கென்று ஒரு தனி வேலை இருந்தது. எங்கள் பக்கம் நடவு நடக்கும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஆள் யாராவது வரப்பில் வந்தால், பெண்கள் ஒரு நாற்றுக்கட்டைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைப்பார்கள். வைத்துவிட்டால் அவர் அதைத் தாண்டக் கூடாது. ஏதாவது இனாம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். காசு இல்லாவிட்டால் கையில் இருக்கிற பொருள். கொடுத்தது வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் சொந்தம். திருப்பிக் கேட்கவும் கூடாது, திருப்பிக் கொடுக்கவும் கூடாது. சின்னப் பெண் கேட்டால் மனசு இளகும் என்று எப்போதும் சுகிர்தாவைத்தான் முன்னால் அனுப்புவார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இனாம் குடுத்துட்டுப் போ நைனா" என்பாள். ஒருமுறை போஸ்ட்மேன் கையில் எதுவும் இல்லாமல், தன் பிள்ளைக்கு வாங்கிவைத்திருந்த கடலை மிட்டாயை வைத்துவிட்டுப் போனார். அதை உடைத்து உடைத்து, ஆளுக்கு ஒரு பொடி வந்ததாம்.

எல்லாம் சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். வேலை முடிந்து திரும்பும்போது வழியில் புருஷோத்தமன் வீடு வரும். அந்த வீட்டைத் தாண்டும்போது எல்லப்பன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். தாண்டியதும் மறுபடி தோளில் போட்டுக்கொள்வார். ஏன் என்று சுகிர்தா கேட்டாள். வேர்க்குது என்றார். அவள் பதினொன்றாவது படிக்கும்போது நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சிட்டம்மாள் ஒற்றை ஆளாக நடவு, களை, அறுப்பு என்று ஓடி மகளைப் பன்னிரண்டாவது முடிக்க வைத்தாள். காஞ்சிபுரத்தில் நர்சிங் உதவியாளர் படிப்பும் படிக்க வைத்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள் சுகிர்தா. பிறகு ஊழியத்துக்குப் போகிறேன் என்றாள். சென்னையிலிருக்கும் ஒரு மிஷனெரி சங்கம் அவளை மடகாஸ்கருக்கு அனுப்புவதென்று முடிவு பண்ணியது. காலனியிலிருந்து கடல் தாண்டிப் போகிற முதல் ஆள். ஆலயத்தில் வழியனுப்பு ஆராதனை வைத்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு உத்திரமேரூரில் எடுத்த படத்தைப் பெரிசு பண்ணிச் சுவரில் மாட்டினார்கள். ஸ்டூடியோக்காரர் வாயை மூடச் சொன்னதால் வாய் மூடியிருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த ஆராதனைக்குப் புருஷோத்தமனும் வந்திருந்தார். வாசலோடு நின்று வாழ்த்திவிட்டு, எல்லாரும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்.

"போய்ட்டு வாம்மா. அங்க சரிப்படலன்னா கவலப்படாத. நம்ம கழனி எங்கயும் ஓடிப்போவாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறுதலுக்குச் சொன்னாரோ, குத்திச் சொன்னாரோ, இன்று வரை யாருக்கும் தெரியாது. சுகிர்தாவுக்கு அது முள்ளாகத்தான் இறங்கியது. வீட்டுக்கு வந்து பெட்டியில் புளியையும் நெத்திலிக் கருவாட்டையும் திணித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். "இனிமே என் காலு சேத்துல படாதும்மா. பட்டுச்சுன்னா நான் தோத்துட்டேன்னு வெச்சிக்கோ."

மடகாஸ்கரில் அவள் போய்ச் சேர்ந்த ஊர் மலைப்பக்கம். தலைநகரிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். சிவப்பு மண், சிவப்புச் செங்கல் வீடுகள், எலும்பு வரைக்கும் ஏறுகிற குளிர். மலைச்சரிவில் கீழே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெற்கழனி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தாள். "ஆண்டவரே, இதுலேர்ந்து தப்பிச்சி வந்தா, இங்கயும் இதானா" என்று கேட்டாளாம். அவள் ஜெபம் எப்போதும் அப்படித்தான். கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் சுத்தத் தமிழில் ஜெபிப்பாள். தனியாக இருந்தால் எங்கள் காலனிப் பேச்சில் கர்த்தரோடு சண்டை போடுவாள்.

லலாவ் என்ற விதவைப் பெண்மணியின் வீட்டில் தங்கினாள். லலாவ் வயசானவள், பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். சோறு ஆக்கிய பானையில் அடிப்பிடித்த காந்தலோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் கொடுத்தாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் குடிக்கிறதுதான் அது. முதல் வாய் குடித்ததும் சுகிர்தாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. இங்கே லீவில் வந்தும் பாத்திரத்தை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டு, அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

லலாவின் வீட்டு முன்கட்டில் ஓர் அறை. பகலில் காய்ச்சல், புண் என்று வருகிறவர்களுக்கு மருந்து. சாயங்காலம் பிள்ளைகளுக்கு எழுத்து. இதுதான் சுகிர்தாவின் வேலை. ஆனால் யாரும் வரவில்லை. அந்த நாட்டில் இந்தியர் என்றால் கடைக்காரர். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். உங்க கடை எங்கே இருக்கிறது? கடை இல்லை என்றால் சந்தேகமாகப் பார்த்தார்கள். கடை இல்லாத இந்தியப் பெண்ணை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஊரின் பெரிய மனிதர் ரவேலு என்பவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் ஊர் எதையும் ஏற்றுக்கொள்ளும். அவர் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை, அதுதான் பேஜார். சுகிர்தா இரண்டு முறை அவர் வீட்டுக்குப் புறப்பட்டாள். இரண்டு முறையும் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள். அவர் வாத்து வளர்க்கிறார். சாதாரண வாத்து அல்ல, ஆள் இடுப்பு உயரத்துக்குக் கழுத்தை நீட்டுகிற பெருவாத்து.

இப்படியே மாதங்கள் போயின. கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு, துடைத்த மேசையை மறுபடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது சென்னையிலிருந்து சங்கத்து அதிகாரி மோகன் போன் பண்ணினார். சீக்கிரமே நேரில் வந்து பார்க்கப் போவதாகச் சொன்னார். ஆள் வராத இடத்தில் வைத்திருப்பதைவிட அவளை ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறதாம். போனை வைத்த பிறகு சுகிர்தாவுக்கு மோகன் குரல் காதில் நிற்கவில்லை. புருஷோத்தமன் குரல்தான் நின்றது. கழனி எங்கயும் ஓடிப்போவாது.

அந்த வாரம் அங்கே நடவு தொடங்கியது. ஊரே கழனியில் இறங்கியது. ஒருவர் நிலத்துக்கு மற்றவர் வந்து நட்டுக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். லலாவும் போக வேண்டும். ஆனால் அவள் முழங்கால் வீங்கிப் பந்து மாதிரி இருந்தது. சுகிர்தா மருந்து தடவிக் கட்டுப் போட்டுவிட்டாள். லலாவ் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுகிர்தாவும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே கழனியில் பெண்கள் குனிந்து வரிசையாகப் பின்னால் நகர்ந்து வருகிறார்கள். வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. லலாவின் இடம்.

"ஆண்டவரே, சேத்துல கால் வெக்க மாட்டேன்னு அம்மா கிட்ட சொல்லிக்கினு இருந்தப்போ நீ கேட்டுக்கினுதான இருந்த? இப்ப இன்னாத்துக்கு இத காட்டற?"

கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்ச் சேற்றில் கால் வைத்தாள்.

அங்கே அவள் ஒன்றும் வித்தை காட்டிவிடவில்லை. பல வருஷம் குனியாத இடுப்பு சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அவள் நட்ட வரிசை ஏரிக்கரை மாதிரி வளைந்து போனது. பெண்கள் நிமிர்ந்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவள் வந்து பாதியைப் பிடுங்கித் திரும்ப நட்டாள். சுகிர்தாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து முதல் முறையாக மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தது அப்போதுதான். உச்சிவெயில் ஏறும் நேரத்தில் இடுப்பு வலி மறந்தது. கை தன் பாட்டுக்கு நட்டது. எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதும் மறந்துபோனது.

அப்போதுதான் வரப்பில் ஓர் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கோட்டு, தலையில் கோரைத் தொப்பி.

யோசித்துச் செய்யவில்லை என்று சுகிர்தா சத்தியம் பண்ணுகிறாள். காவாந்தண்டலத்துக் கழனியில் வளர்ந்த கை அது, வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் அதுவே வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு நாற்றுக்கட்டை எடுத்து, வரப்பேறி, அந்த ஆளின் காலடியில் வைத்தாள். சேற்றுக் கையைக் கட்டிக்கொண்டு தமிழிலேயே சொன்னாள்.

"இனாம் குடுத்துட்டுப் போ நைனா."

கழனி மொத்தமும் அடங்கிப்போனது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். ரவேலு.

அவள் என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். தனக்குத் தெரிந்த அரைகுறை மலகாசி பாஷையில் சுகிர்தா விளக்கினாள். எங்கள் ஊரில் பெண்கள் நடுகிற கழனி வழியாகப் போகிறவர் ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார் என்றாள். ரவேலு கோட்டுப் பையில் கைவிட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்தார், நாற்றுக்கட்டைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கட்டின் மேல் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு நடந்து போனார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

அவர் மேட்டைத் தாண்டி மறையும் வரை யாரும் அசையவில்லை. பிறகு ஒரு வயசான பெண் வந்து தொப்பியை எடுத்துச் சுகிர்தாவின் தலையில் கவிழ்த்தாள். ஒருத்தி சிரித்தாள், அடுத்தவள் சிரித்தாள், அப்புறம் நிறுத்த முடியவில்லை. கொடுத்தது எல்லாருக்கும் சொந்தம் என்று சுகிர்தா சொன்னதும், சாயங்காலம் வரை அந்தத் தொப்பி தலை மாறித் தலை மாறி வரிசை முழுக்கச் சுற்றியது. ரவேலு மாதிரி நடந்து காட்டாதவள் ஒருத்தியும் இல்லை.

வீட்டுக்கு வந்து லலாவிடம் தொப்பியைக் காட்டினாள். லலாவ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ரவேலுவின் இறந்துபோன மனைவி தன் கையால் பின்னிய தொப்பி அது. கோயிலிலும் கல்லறையிலும் தவிர வேறெங்கும் அவர் அதைத் தலையிலிருந்து எடுத்ததில்லை.

தொப்பி முழுக்கச் சேறு. சுகிர்தா அவசர அவசரமாகக் கழுவினாள். கழுவியதில் கோரை ஊறி, ஒரு பக்கம் தொங்கி, இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டது. தன் கதை முடிந்தது என்று அப்போது முடிவு பண்ணிவிட்டாள். மோகன் வந்தால் கூடவே விமானம் ஏற வேண்டியதுதான். ஆனால் போவதற்கு முன்னால் அந்த மனிதரிடம் தொப்பியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நடுவில் பெருவாத்து நிற்கிறது.

மறுநாள் காலை ரவேலுவின் வாசலுக்குப் போனாள். வாத்துகள் கழுத்தைத் தாழ்த்திச் சீறிக்கொண்டு வந்தன. விரட்டலாம் என்று இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். கொல்லைப்புறத்தில் இருந்த மிச்ச வாத்துகளும் ஓடி வந்தன. வாசலில் நெல் குத்துகிற மர உரல் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஏறிக்கொண்டாள். கை இரண்டும் புடவையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்ததால் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள். ரவேலு கதவைத் திறந்தபோது பார்த்தது இதைத்தான். உரல் மேல் ஓர் இந்தியப் பெண், தலையில் தன் மனைவி பின்னிய தொப்பி கோணலாக, தமிழில் வாத்தையும் ஆண்டவரையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

வாத்துகளை அடைத்த பிறகு சுகிர்தா இறங்கி வந்து தொப்பியை இரண்டு கையாலும் நீட்டினாள். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்றாள். ரவேலு வாங்கவில்லை. தொப்பியை யார் யார் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டார். எல்லாரும் என்றாள். தன்னை மாதிரி நடந்து காட்டியது யார் என்று கேட்டார். அதற்கும் எல்லாரும் என்றாள். மறுபடி சிரித்தார். பிறகு உங்கள் ஊரில் கொடுத்ததைத் திருப்பி வாங்குவார்களா என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வாங்க மாட்டார்கள் என்றாள்.

"அப்படியென்றால் எனக்கும் வேண்டாம். உன் வாசல் கதவில் மாட்டி வை. எனக்குப் பழைய இருமல் ஒன்று இருக்கிறது. மருந்துக்கு வரும்போது அங்கேயே போட்டுக்கொள்கிறேன்."

அப்படியே மாட்டினாள். அந்தத் தொப்பியைத் தெரியாதவர் அந்த ஊரில் இல்லை. வழியில் போனவர்கள் அதைப் பார்த்து, ரவேலு உள்ளே இருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அவர் இல்லை, சுகிர்தாதான் இருந்தாள். எட்டிப் பார்த்தவர்கள் வந்ததற்குக் கைப் புண்ணைக் காட்டினார்கள். அன்றைக்கே சாயங்காலம் அவளோடு நடவு நட்டவர்களின் பிள்ளைகள் எழுத்துக்கு வந்தார்கள். அவர்களும் சும்மா வரவில்லை, தொப்பியை ஒரு தடவை போட்டுப் பார்க்க வந்தார்கள். ரவேலு சொன்ன மாதிரியே இருமலோடு வந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு மருந்து வாங்கினார். போகும்போது மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மோகன் வந்த அன்று அறையில் உட்கார இடம் இல்லை. கழனியைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று வரப்பில் நடந்தவருக்கு முன்னால் ஒரு நாற்றுக்கட்டு வந்து விழுந்தது. வைத்தது சுகிர்தா இல்லை, அந்த ஊர்ப் பெண்களே. அவர் கூலிங் கிளாசைப் பறிகொடுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு சங்கத்தில் ஒருவரும் அவளைத் திருப்பி அழைப்பதைப் பற்றிப் பேசவில்லை. இன்றைக்கும் அவள் அங்கேதான் இருக்கிறாள். ஒவ்வொரு நடவுக்கும் இறங்குகிறாள். வரிசை இன்னும் கோணல்தான்.

இந்தச் சித்திரையில் வீடு வந்து சேர்ந்ததும் அவள் அம்மாவிடம் முதலில் சொன்னது அந்தச் சேற்றைத்தான். கால் வைத்துவிட்டேன் அம்மா, தோற்றுப்போனேன் என்றாள். சிட்டம்மாள் கூலி எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

"கூலி இல்லமா. சும்மா நட்டுக் குடுத்தேன்."

"கூலி இல்லாமயா? அடிப் பைத்தியக்காரி, அதத்தான் இவ்ளோ நாளா சொல்லாம மறச்சிக்கினு இருந்தியா?"

சித்திரைப் பட்டமான சொர்ணவாரி நடவு நடந்துகொண்டிருந்தது. சிட்டம்மாள் இன்னும் வேலைக்குப் போகிறாள், நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை. ஒருநாள் அவள் நாஷ்டாவை மறந்து வைத்துவிட்டுப் போக, சுகிர்தா தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அது புருஷோத்தமனுடைய கழனி. அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் தோளில் அதே மாதிரி சலவைத் துண்டு.

"வாம்மா மிஷனெரி," என்றார். "சொன்னேன் இல்ல, நம்ம கழனி எங்கயும் ஓடிப்போவாதுன்னு."

நட்டுக்கொண்டிருந்த பெண்கள் யாரும் நிமிரவில்லை. சுகிர்தா தூக்கு வாளியை வரப்பில் வைத்தாள். புடவையைச் செருகினாள். சேற்றில் இறங்கி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நட ஆரம்பித்தாள். புடவை பாழாப்போவுது டீ என்று சிட்டம்மாள் முணுமுணுத்தாள். ஒரு பாத்தி அளவுக்கு நட்டு முடித்தாள். பிறகு ஒரு நாற்றுக்கட்டை எடுத்துக்கொண்டு வரப்பேறி, புருஷோத்தமன் காலடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இனாம் குடுத்துட்டுப் போ நைனா."

பெண்கள் இப்போது நிமிர்ந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கை விட்டார்.

"காசு வேணாம்," என்றாள் சுகிர்தா.

"வேற இன்னாம்மா வேணும்?"

அவர் தோளைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவரும் தன் தோளைப் பார்த்துக்கொண்டார். எல்லப்பன் எந்த வீட்டைத் தாண்டும்போது எதைத் தோளிலிருந்து எடுத்தார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. நான் அருகில் நின்றேன், அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு துண்டை எடுத்தார். ஒருமுறை உதறினார். நாற்றுக்கட்டின் மேல் வைத்தார்.

"எல்லப்பன் பொண்ணுதான் நீ," என்று சொல்லிவிட்டு, நாற்றுக்கட்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வீட்டுப் பக்கம் நடந்தார்.

துண்டை முதலில் அம்மாவிடம் கொடுத்தாள் சுகிர்தா. வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தோம். சிட்டம்மாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்தாள், துண்டை மடித்தாள், தோளில் போட்டாள். புருஷன் போட்டுக்கொள்கிற மாதிரி, இடது தோளில். போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவளும் தோளில்தான் போட்டுக்கொண்டாள். வரிசை முழுக்க அது தோள் மாறிப் போனது. கடைசி ஆள் போட்டுக்கொண்டு இரண்டு அடி நடந்து காட்டியபோது சுகிர்தா சிரித்தாள். வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் போனில் படம் எடுத்துவிட்டேன். முழங்கால் வரைக்கும் சேறு அதில் தெரிகிறது.

சுவரில் இருக்கிற படத்தை எடுத்துவிட்டு இதை மாட்டலாம் என்று ஆயரிடம் கேட்டிருக்கிறேன். ஆலயத்தில் சேற்றுக் காலோடு ஒரு மிஷனெரி படம் இருக்கலாமா என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் யோசிக்கட்டும். பூஜாவுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த மூடிய வாயைப் பார்த்து ஜெபம் பண்ணுகிற பிள்ளைகள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மானாம்பதியில் இருக்கலாம், தென்னேரியில் இருக்கலாம். உங்கள் ஆலயத்துச் சுவரிலும் இப்படி ஒரு படம் மாட்டியிருக்கலாம். இதைப் படித்த நீங்கள் அவர்களில் ஒருவருக்காவது உங்கள் வாயால் சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது வாத்துக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.